மேடுபள்ளக் கிண்ணம் குட்டியின் அவசரத்தை எவ்வளவு அடக்கும்?

நாய்க்குட்டி உணவை அள்ளி விழுங்குவதைத் தடுப்பதற்கென்று விற்கப்படும் மேடுபள்ளக் கிண்ணங்களில் இரண்டு வடிவங்களை, எங்கள் லாப்ரடார் குட்டி வீட்டுக்கு வந்த பருவத்திலிருந்து அதன் பால்பற்கள் உதிர்ந்து முடியும் வரை மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்ததன் பேரில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். 'ஸ்லோ ஃபீடர்' என்ற பெயரில் விற்கப்படும் இவ்வகைக் கிண்ணத்தின் அடியிலிருந்து வளைவு வளைவாகச் சிறு சுவர்கள் எழும்பியிருக்கும். உணவு அச்சுவர்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் தங்கிவிடுவதால், வாயை அகலத் திறந்து ஒரே கவ்வலில் அள்ள முடியாமல், குட்டி நாக்காலும் உதட்டாலும் சிறிது சிறிதாக வெளியே எடுத்துத் தின்ன வேண்டியிருக்கும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இது வாங்கத் தகுந்த பொருள்தான். ஆனால் குட்டிக்கு ஏற்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே அது பயன் தரும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாக்குறுதிகளில் பாதிக்கு மேல் எந்தக் கிண்ணத்தாலும் நிறைவேற்ற இயலாதவை.

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பது மனிதருக்குச் சொல்லப்பட்டது. நாயின் வாய் அதற்காக அமைந்ததன்று. அதன் தாடை மேலும் கீழுமாக அசையுமே தவிர, பக்கவாட்டில் நகர்ந்து உணவை மாவாக அரைப்பதற்கு ஏற்றதல்ல. பக்கப் பற்களும் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று உரசி வெட்டுவதற்கே பெரிதும் பயன்படுகின்றன. மாவுச்சத்தை வாயிலேயே செரிக்கத் தொடங்கும் அமைலேஸ் என்னும் நொதி நம் உமிழ்நீரில் இருப்பதைப் போல நாயின் உமிழ்நீரில் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை என்பதால், மென்று தின்பதால் அதன் செரிமானத்துக்குப் பெரிய ஆதாயமும் இல்லை. இரைப்பையோ நன்றாக விரிந்து கொடுக்கக்கூடியது. இவற்றோடு, தாயின் மடியிலும் பின்பு பொதுத் தட்டிலும் உடன்பிறந்த குட்டிகளோடு முண்டியடித்துப் பழகிய நினைவும் சேர்ந்துகொள்வதால், வேகமாகத் தின்பது குட்டியின் கெட்ட பழக்கம் என்பதைவிட அதன் இயல்பு என்பதே பொருத்தம். ஆகவே கிண்ணத்தில் உள்ளதை மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு அமைதியாகத் திரியும் குட்டிக்கு இந்தப் பொருள் தேவையே இல்லை. விழுங்கும்போது திணறுவது, தொண்டையில் அடைத்துக்கொண்டு இருமுவது, தின்ற சில நிமிடங்களில் மெல்லாத உருண்டைகளை அப்படியே வெளியே தள்ளுவது, காற்றை விழுங்கி வயிறு உப்பிக் கிடப்பது ஆகியவை அடிக்கடி நேர்ந்தால்தான் வேகத்தைக் குறைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். எங்கள் குட்டியிடம் இவற்றில் முதல் மூன்றும் இருந்தன.

பயன் என்னவென்றால், சாதாரணக் கிண்ணத்தில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துகொண்டிருந்த உணவு, பொருத்தமான மேடுபள்ளக் கிண்ணத்தில் ஏழெட்டு நிமிடம் வரை நீடித்தது. தின்றதை வெளியே தள்ளுவது முதல் வாரத்திலேயே வெகுவாகக் குறைந்து, பின்னர் நின்றுபோனது. நாள்கள் செல்லச் செல்ல குட்டி பள்ளங்களின் போக்கைக் கற்றுக்கொண்டு வேகம் பிடித்தது உண்மையே; ஆயினும் பழைய வேகத்துக்கு அது ஒருபோதும் திரும்பவில்லை. கிண்ணத்தை வைக்கும் திசையை அவ்வப்போது திருப்பிவைத்தால் கற்றுக்கொண்டது கலைந்துவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. நான் பார்த்தவரை அதனால் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை. ஏனெனில் குட்டி ஒரே இடத்தில் நிற்பதில்லை, கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

வடிவத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் விற்பனைப் படங்களில் இது தெரிவதில்லை. நான் பயன்படுத்திய இரண்டில் ஒன்று உயரமான சுவர்களும் குறுகிய பள்ளங்களும் கொண்ட, சுருள் போன்ற வடிவம். மற்றொன்று விளிம்பு தாழ்ந்த, பள்ளங்கள் அகன்ற, அலைபோல வளைந்து செல்லும் வடிவம். வளர்ந்த நாய்க்கு முன்னது பொருந்தலாம். ஆனால் குட்டியின் முகவாய் குட்டையானது, நாக்கின் நீளமும் போதாது. உயரமான சுவரின் அடியில் தங்கிவிட்ட உருண்டைகளை எடுக்க முடியாமல் அது முதலில் முன்னங்காலால் தோண்டிற்று. பின்பு விளிம்பைப் பல்லால் கவ்விக் கிண்ணத்தைக் கவிழ்த்து, தரையில் சிதறியதை முன்பைவிட வேகமாக விழுங்கிற்று. கவிழ்க்கத் தெரிந்துகொண்ட குட்டிக்கு அந்தக் கிண்ணத்தால் எந்தப் பயனும் இல்லை. அடியில் ரப்பர் வளையம் ஒட்டியிருந்தாலும் அது வழுக்குவதைத் தடுக்குமே ஒழிய, கவ்வித் தூக்குவதைத் தடுக்காது. தாழ்ந்த விளிம்புள்ள வடிவத்தில் கவ்வுவதற்குப் பிடி கிடைக்கவில்லை. பள்ளத்தின் அடி வரை நாக்கு எட்டியதால் குட்டி எரிச்சல் கொள்ளவும் இல்லை.

பள்ளத்தின் அகலத்தைக் குட்டியின் வாயோடு மட்டுமன்றி உணவின் அளவோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். குட்டிகளுக்கான உலர் உணவு பெரும்பாலும் மிகச் சிறிய உருண்டைகளாக இருக்கும். பள்ளம் மிக அகலமாக இருந்தால் அவை ஓரிடத்தில் குவிந்து, வழக்கமான கிண்ணத்தில் அள்ளுவதைப் போலவே அள்ள வசதியாகிவிடும். மிகக் குறுகலாக இருந்தாலோ, மூலைகளில் நாலைந்து உருண்டைகள் சிக்கிக்கொண்டு, அவற்றை எடுக்கும் வரை குட்டி கிண்ணத்தை விடாது. ஒரு பள்ளத்தில் ஒரே அடுக்காக உருண்டைகளைப் பரப்ப முடிகிறதா என்று பார்ப்பதே நான் கண்ட எளிய சோதனை. இரண்டு மூன்று அடுக்காகக் குவிந்தால் அந்தக் கிண்ணம் அந்த வேளை உணவின் அளவுக்குச் சிறியது. கிண்ணத்தின் மேல் குறிப்பிட்டிருக்கும் கொள்ளளவைப் பெரும்பாலும் விளிம்பு வரை நிரப்பி அளந்திருப்பார்கள் என்பதால் அதை நம்பி வாங்கக் கூடாது. பயன்படும் கொள்ளளவு அதில் பாதிகூட இருக்காது.

பக், புல்டாக், ஷிட்ஸு போன்ற தட்டை முக இனக் குட்டிகளுக்கு ஆழமான வடிவங்கள் முற்றிலும் பொருந்தா. மூக்கையும் வாயையும் சுவர்களுக்கிடையே நுழைக்க வழியில்லாததால், ஏற்கெனவே மூச்சு விடச் சிரமப்படும் அவ்வினங்கள் கண்களையும் முக மடிப்புகளையும் சுவரில் உரசிக்கொண்டு தின்ன நேரிடும். அவற்றுக்குத் தாழ்ந்த மேடுகள் கொண்ட அகலமான தட்டு போதும்.

நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. ஏறத்தாழ நான்கு மாத வயதில் அவை உதிரத் தொடங்கி, ஆறு ஏழு மாத வயதுக்குள் 42 நிலைப்பற்கள் முளைத்துவிடுகின்றன. அந்த இடைக்காலத்தில் ஈறு அரிப்பெடுக்கும் குட்டி, கண்ணில் படும் எதையும் கடிக்கும் என்பது வளர்த்தவர்களுக்குத் தெரியும். உணவின் வாசனை ஏறிய பிளாஸ்டிக் கிண்ணத்தின் சுவர்களைக் கடிக்காமல் இருக்குமா? எங்கள் கிண்ணத்தின் நடுமேட்டில் பல் பதிந்த தடங்கள் விரைவிலேயே தோன்றின. கடித்துப் பெயர்த்த துண்டு வயிற்றுக்குள் போனால் குடலில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆதலால் உணவு தீர்ந்தவுடன் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும்; விளையாட்டுப் பொருளாகக் குட்டியிடம் விட்டுவைக்கக் கூடாது. இந்த எச்சரிக்கை பெட்டியின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. எஃகில் செய்த மேடுபள்ளக் கிண்ணங்களில் கடிபடும் தொல்லை இல்லை, ஆனால் அவற்றில் மேடுகள் எளிமையாகவே இருப்பதால் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. பீங்கானில் செய்தவை கனமானவை, கவிழ்ப்பது கடினம்; கீழே விழுந்தால் உடையும்.

கழுவும் வேலையைப் பொறுத்தவரை, இந்தக் கிண்ணத்தை வாங்க நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். உமிழ்நீரும் உணவின் கொழுப்பும் கலந்து பள்ளங்களின் அடியில் வழுவழுப்பான படலமாகப் படிகின்றன. அது நுண்ணுயிர்கள் கூட்டாக ஒட்டி வளரும் படலம் என்பதால் வெறும் தண்ணீர் ஊற்றி அலசினால் போவதில்லை. பொதுச் சுகாதாரத் தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் என்.எஸ்.எஃப். அமைப்பு 2011-இல் வீட்டுப் பொருள்களை ஆராய்ந்தபோது, செல்லப்பிராணிகளின் உணவுக் கிண்ணம் வீட்டில் கிருமிகள் மிகுந்த பொருள்களின் வரிசையில் முன்னணியில் இருந்தது. சாதாரணக் கிண்ணத்துக்கே இந்த நிலை என்றால், பத்துப் பன்னிரண்டு மூலைகள் கொண்ட கிண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளத்தில் நுழையும் சிறிய தூரிகை இல்லாமல் இதைச் சுத்தம் செய்ய இயலாது. விளம்பரங்கள் ஈர உணவுக்கும் ஏற்றது என்கின்றன. ஈர உணவோ தண்ணீரில் ஊறவைத்த உருண்டைகளோ வைத்தால் அவை பிசுபிசுத்து மூலைகளில் ஒட்டிக்கொள்ள, குட்டிக்கும் முழுமையாக எடுக்க முடிவதில்லை, கழுவுபவருக்கும் வேலை இரட்டிப்பாகிறது. என் பார்வையில் இது உலர் உணவுக்கான பாத்திரம் மட்டுமே. பிளாஸ்டிக்கில் கீறல்கள் பெருகிய பிறகு எவ்வளவு தேய்த்தாலும் கீறலுக்குள் உள்ளது போகாது. அப்போது மாற்றிவிடுவதே முறை. ஆகவே நீண்ட நாள் உழைக்கும் என்ற எதிர்பார்ப்போடு வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இப்போது பெட்டியின் மேலுள்ள பெரிய வாக்குறுதிக்கு வருவோம். இவ்வகைக் கிண்ணங்கள் பலவற்றில் 'ப்ளோட்' என்னும் வயிற்று உப்பலைத் தடுக்கும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். இரைப்பை காற்றால் உப்பி, தன் அச்சிலேயே திருகிக்கொண்டு, இரத்த ஓட்டத்தை அடைத்து, சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய கொடிய நிலை அது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரிய, மிகப் பெரிய இன நாய்களைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், வேகமாகத் தின்பது அந்நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகக் கண்டறியப்பட்டது. அந்த ஆய்வே முதுமை, நெருங்கிய இரத்த உறவுள்ள நாய்க்கு அந்நோய் வந்திருத்தல், உயர்த்திவைத்த கிண்ணத்தில் உணவளித்தல் ஆகியவற்றையும் ஆபத்துக் காரணிகளாகக் குறிப்பிட்டது. அதாவது வேகம் பல காரணிகளுள் ஒன்று. அதைக் குறைத்தால் ஆபத்தின் ஒரு பகுதி குறையலாம் என்று நினைக்க இடமுண்டு, தடுத்துவிடும் என்று எழுத இடமில்லை. மேலும், கிரேட் டேன் போன்ற ஆழமான மார்புள்ள பெரிய இனங்களில், வளர்ந்த பிறகே இந்நோய் பெரிதும் காணப்படுகிறது. சிறிய இனக் குட்டி ஒன்றை வளர்ப்பவரை இந்தப் பெயரைச் சொல்லி அச்சுறுத்தி விற்பது நேர்மையானதாக எனக்குத் தோன்றவில்லை. சில நிறுவனங்கள் இதே கிண்ணத்தை உயரமான தாங்கியோடு சேர்த்து விற்கின்றன என்பது வேடிக்கையும் கவலையும் தரும் செய்தி. பெரிய இனக் குட்டி வளர்ப்பவர்கள் தாங்கியைத் தவிர்த்துக் கிண்ணத்தைத் தரையிலேயே வைப்பது நல்லது. எந்தக் கிண்ணம் இருந்தாலும், வயிறு பறைபோல இறுகி, வாந்தி வருவதுபோலக் குமட்டியும் ஒன்றும் வெளிவராமல், எச்சில் ஒழுக நிலைகொள்ளாது அலையும் நாயை அந்தக் கணமே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

எடையைக் கட்டுப்படுத்தும் என்ற இரண்டாவது வாக்குறுதிக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. அதே அளவு உணவு, அதே கலோரி. வேகம் மாறினால் கணக்கு மாறாது.

கிண்ணத்தால் தீராத காரணங்களும் சில உண்டு. அவற்றைப் பார்க்காமல் கிண்ணத்தை மட்டும் மாற்றினால் பயன் கிடைக்காது. முதலாவது பசி. இரண்டு மூன்று மாதக் குட்டிக்கு ஒரு நாளைய உணவை நான்கு வேளையாகவும், மூன்று மாதத்துக்குப் பின் ஆறு மாதம் வரை மூன்று வேளையாகவும் பிரித்துக் கொடுப்பது பொதுவான முறை. இரண்டே வேளையில் மொத்தத்தையும் வைத்தால் ஒவ்வொரு வேளையும் பசி முற்றிய நிலையில்தான் குட்டி கிண்ணத்தை நெருங்கும். அளவைக் குவளையால் குத்துமதிப்பாக அளக்காமல் எடை போட்டுக் கொடுப்பதும், வளர வளர உயர்த்துவதும் அவசியம். வயிற்றில் உருளைப்புழு இருந்தாலும் எவ்வளவு தின்றும் ஆறாத பசியும், உடல் மெலிந்து வயிறு மட்டும் உப்பிய தோற்றமும் வரலாம். உரிய காலத்தில் புழு நீக்க மருந்து கொடுக்கப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். இனத்தின் பங்கும் உண்டு: லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றிடம், பசியைக் கட்டுப்படுத்துவதில் பங்குள்ள பி.ஓ.எம்.சி. என்னும் மரபணுவில் ஒரு சிறு பகுதி விடுபட்டிருப்பதையும், அத்தகைய நாய்கள் உணவில் கூடுதல் நாட்டம் கொண்டிருப்பதையும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட குட்டியின் வாய் வேகத்தைக் கிண்ணம் குறைக்குமே தவிர, அதன் நாட்டத்தைக் குறைக்காது.

இரண்டாவது காரணம் அச்சம். பக்கத்தில் வேறொரு நாய் நின்றாலோ, தின்னும்போது வீட்டார் கிண்ணத்துக்குள் கையை விட்டுச் சோதித்தாலோ, பாதியில் கிண்ணத்தைப் பிடுங்கிப் 'பழக்கினாலோ', பறிபோய்விடும் என்ற பதற்றத்தில் குட்டி இன்னும் வேகமாக விழுங்கும். நாளடைவில் உறுமவும் தொடங்கும். உணவின் மீது தன் அதிகாரத்தைக் காட்டிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் செய்யும் இந்த வேலைக்கு மேடுபள்ளக் கிண்ணம் தீனி போடுவதைத்தான் கண்டேன்: தின்னும் நேரம் நீளும்போது குறுக்கிடுவதற்கான வாய்ப்பும் நீள்கிறது. குட்டியைத் தனி இடத்தில் விட்டு, கிண்ணத்தை வைத்தபின் விலகி நின்று, இடையில் அருகே செல்ல நேர்ந்தால் இன்னும் ஓர் உருண்டையைப் போட்டுவிட்டு வருவதே போதுமானது. இரண்டு குட்டிகள் இருந்தால் ஒன்றையொன்று பார்க்காத இடங்களில் தனித்தனிக் கிண்ணம் வைப்பதற்கு மாற்று கிடையாது.

பணம் செலவழிக்க விரும்பாதவர்களுக்கு வழிகள் உள்ளன. உலர் உணவை ஓர் அகன்ற தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பினாலே வேகம் ஓரளவு குறையும். கிண்ணத்தின் நடுவில் சிறிய கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துவைத்து, சுற்றியுள்ள வளையத்தில் உணவைப் போடுவதும் அதேபோலப் பயன் தரும். சிறிய கிண்ணத்துக்குப் பதிலாகப் பந்தைப் போடுவதென்றால், அது குட்டியின் வாய்க்குள் நுழையாத அளவு பெரிதாக இருக்க வேண்டும். பயிற்சிக்காக ஒரு வேளை உணவின் பகுதியைக் கையாலேயே ஒவ்வொன்றாகக் கொடுப்பது மற்ற எல்லாவற்றையும்விடச் சிறந்தது என்றாலும், நாள்தோறும் எல்லா வேளையும் அதற்கு நேரம் ஒதுக்க எவராலும் முடியாது. துணிப் பட்டைகள் அடர்ந்த 'ஸ்னஃபிள் மேட்' விரிப்பில் உணவைத் தூவிவிட்டால் குட்டி முகர்ந்து முகர்ந்து தேடித் தின்னும். தின்னும் நேரம் அதில்தான் மிகுதியாக நீள்கிறது. ஆனால் துணியைக் கடித்து இழுக்கும் குட்டியை அதனோடு தனியே விட முடியாது, துவைத்து உலர்த்துவதும் ஒரு வேலை. ஈர உணவுக்கு சிலிக்கோனில் செய்த நக்கும் விரிப்பே ஏற்றது. இவற்றோடு ஒப்பிடுகையில் மேடுபள்ளக் கிண்ணத்தின் மேன்மை, நாள்தோறும் பல வேளை, கூடுதல் ஏற்பாடு எதுவுமின்றிப் பயன்படுத்த முடிவது என்ற ஒன்றுதான். எனக்கு அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

மிகச் சிறிய இனக் குட்டிகளின் விஷயத்தில் ஒரு தயக்கம் உண்டு. சிவாவா, பொமரேனியன் போன்றவற்றின் குட்டிகளுக்கு ஒரு வேளை உணவு தவறினாலே இரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தளர்ச்சியும் நடுக்கமும் வரக்கூடும். பள்ளங்களிலிருந்து எடுப்பது கடினமாக இருந்து குட்டி பாதியில் தின்பதைக் கைவிட்டால், மீதியைச் சாதாரணத் தட்டில் கொட்டிக் கொடுத்து முடிக்கச் செய்ய வேண்டும். எந்த இனமானாலும் முதல் சில நாள்களில் உணவில் ஒரு பகுதியை மேடுகளின் மேலேயே தூவி, எளிதாகக் கிடைக்கும்படி விட்டு, பின்னர் பள்ளங்களுக்கு மாற்றினால் குட்டி சலிப்படையாமல் பழகும்.

கிண்ணத்தை மாற்றிய பின்பும், பொருத்தமான வடிவத்தில் மெதுவாகத் தின்ற பின்பும், உணவு செரிக்காமல் குழாய் வடிவில் அப்படியே திரும்பி வருமானால் குற்றம் வேகத்தினுடையது அல்ல. வயிற்றை எக்கிக் குமட்டி எடுக்கும் வாந்தி வேறு. எந்த முயற்சியும் இல்லாமல் தலையைத் தாழ்த்தியவுடன் உணவு வழிந்து விழும் எதுக்களிப்பு வேறு. பின்னது, பால் மறந்து திட உணவு தொடங்கிய பருவத்திலிருந்தே தொடர்ந்து, குட்டி எடையும் ஏறாமல் இருந்தால், உணவுக்குழாய் விரிந்திருப்பதோ, இதயத்தை ஒட்டிய பெரிய இரத்தக்குழாய் பிறவிக் கோளாறாக உணவுக்குழாயை இறுக்கிக்கொண்டிருப்பதோ காரணமாகலாம். இது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மருத்துவர் தீர்மானிக்க வேண்டிய விஷயம். இத்தகைய குட்டிக்கு வீட்டில் இன்னொரு வடிவக் கிண்ணத்தை வாங்கிச் சோதித்துக்கொண்டிருப்பதில் கழியும் ஒவ்வொரு நாளும், உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரல் அழற்சி உண்டாகும் ஆபத்தைக் கூட்டுகிறது.